தெருமுனைக் கடையில் சரியாகிற சைக்கிள்: மதுரையில் எதை வாங்கலாம்?

மதுரையில் சைக்கிள் வாங்கப் போனால் கடை வாசலிலேயே நிற்பது தடித்த டயர், முன்பக்கம் ஷாக்கப்ஸர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர் உள்ள வண்டிதான். பார்த்தவுடன் பிடித்துவிடும். விலையும் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஆரம்பிக்கிறது. நிறையப் பேர் அதையே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச நாளில் அது மாடிப்படிக்குக் கீழே போய்த் தூசி படிகிறது. ஓட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊருக்குப் பொருந்தாத வண்டி அவர் கையில் சேர்ந்துவிட்டது.

தினமும் போக வர 6 முதல் 20 கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திருநகரிலிருந்து சிம்மக்கல்லுக்கு வேலைக்கு வருகிறவர், ஒத்தக்கடையிலிருந்து கே.கே. நகருக்கு வருகிறவர், அவனியாபுரத்தில் டியூஷனுக்குப் போகும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அழகர்கோவில் வரை ஒரு நடை போய்வர ஆசைப்படுகிறவர். பந்தயம் ஓட்டுகிறவர்களின் கணக்கு வேறு, அதற்குள் நான் போகவில்லை.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முள், காற்று, மழை, பக்கத்துப் பழுதுக்கடை. கியர் எத்தனை, டிஸ்க் உண்டா இல்லையா என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முள்ளிலிருந்து தொடங்கலாம். மதுரையைச் சுற்றிக் கண்மாய்க் கரை, ரோட்டோரம், காலி மனை எங்கும் சீமைக் கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது, பல இடங்களில் வெட்டவும் செய்தார்கள். வேர் தங்கிய இடத்தில் மறுபடி துளிர்க்கிற மரம் அது. விறகுக்கு வெட்டி ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து உதிரும் முள்ளும் ரோட்டு ஓரத்தில்தான் கிடக்கும், சைக்கிள் போவதும் அதே ஓரத்தில்தான். எம்.டி.பி. என்கிற மலைப்பாதை வண்டியின் (கடை வாசலில் நிற்கும் அந்த ஷாக்கப்ஸர் வண்டிதான்) கட்டை கட்டையான டயர் முள்ளைத் தடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். தடுக்காது. அந்தக் கட்டைகளுக்கு இடையே ரப்பர் மெல்லியது, முள் அங்கேதான் ஏறும். போதாததற்கு, தார் ரோட்டில் அந்தக் கட்டைகள் வண்டியைப் பிடித்து இழுக்கும். நடுவில் ரப்பர் விடாமல் ஓடுகிற, 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண ரோடு டயர் முள்ளையும் ஓரளவு தாங்கும், மிதிக்கவும் லேசாக இருக்கும். அதில் பஞ்சர் தாங்க உள்ளே தனிப்பட்டை வைத்த டயர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே போடுங்கள்.

பஞ்சர் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கருவேல முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். டியூபை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டினால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் மறுபடி காற்று இறங்கும். டயரின் உள்பக்கம் முழுவதையும் ஒரு பழைய துணியால் தடவிப் பார்த்தால் துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும்.

அடுத்து காற்று. மதுரை சமதளம், கியர் எதற்கு என்று கேட்பார்கள். மேடு என்று பார்த்தால் மேம்பாலங்களைத் தவிர இங்கே பெரிதாக இல்லைதான். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்து ஒரு நாள் சாயங்காலம் டவுனிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மிதித்துப் பாருங்கள். அதுவே ஒரு மலைதான். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் நெருங்க நெருங்க இன்னும் மோசம்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 28 இன்ச் பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வரும், அருமையான வேகம். எதிர்காற்றில் வேகம் 12 கிலோமீட்டராகக் குறைந்தால் நிமிடத்துக்கு 37 சுற்றுத்தான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும். பின்னால் 28 பல் உள்ள கியர் ஒன்று இருந்தால் அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் 58 சுற்று லேசாக மிதித்துக்கொண்டு போகலாம். ஆக, மேற்கே போய் வருகிறவருக்குக் கியர் வேண்டும். அதற்காக 21 தேவையில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர் போதும். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்த மலிவு வண்டிகளில் முன்கியர் மாற்றும் பாகம்தான் முதலில் மக்கர் செய்யும்.

கியர் இல்லாத வண்டி ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். சின்ன வேலை, சின்னச் செலவு, காற்றில் மிதிப்பது நன்றாகவே இலகுவாகும். ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் குறையும். டவுனுக்குள் அந்த வேகத்துக்கு இடமே இல்லை.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் இல்லாத வண்டியில், ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையில் பிரேக் பிடிக்குமா என்பதை ரிம்தான் தீர்மானிக்கிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக்கும் பிடிக்காது, கேபிள் பிரேக்கும் பிடிக்காது. அலுமினிய ரிம்மில் ரப்பர் பிரேக் கட்டை ஈரத்திலும் ஓரளவு கவ்வும். ஆகவே விலைப்பட்டியலில் வேறு எதைக் கேட்காவிட்டாலும் ரிம் அலாயா, அதாவது அலுமினியமா என்று கேளுங்கள்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். நான்காவதான பழுதுக்கடையை ஒவ்வொரு வண்டியோடும் சேர்த்தே பார்க்கலாம்.

பெரிய சைக்கிள், அதாவது 28 இன்ச் பார் சைக்கிள். பால் கேன், மல்லிகைக் கூடை, பருத்திப்பால் பாத்திரம் என இந்த ஊரின் பாதிப் பிழைப்பைச் சுமந்த வண்டி. 20 கிலோவுக்கு மேல் எடை. அதன் பெரிய பலம், எல்லாக் கம்பெனி வண்டியும் ஒரே அளவில் இருப்பது. அட்லஸ் நிறுவனம் தன் சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூனில் மூடியது, ஆனாலும் அட்லஸ் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவரும் பாகம் கிடைக்காமல் தவிக்கவில்லை. ஹீரோவுக்கு வருகிற ஃப்ரீவீலும் ஹெர்குலிஸுக்கு வருகிற, பெடல் தண்டைப் பிடித்து வைக்கும் காட்டர் பின்னும் அதிலும் பொருந்தும். மேலூர், சோழவந்தான், திருப்புவனம் என்று எந்த ஊர்க் கடையிலும் இதன் டயர் தொங்கும். ஃபிரேம் இரும்பு என்பதால் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறையில் ஒட்டித் தருவார்கள். முழுச் செயின் கவர் இருப்பதால் வேட்டியோ சேலையோ மாட்டாது. கியர் வண்டியில் அப்படி முழுக் கவர் போட வழியில்லை, இதைப் பலர் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கம்பி பிரேக் மழையில் நம்பத்தக்கதல்ல. உயரம் குறைந்தவர்களுக்கு 22, 24 இன்ச் ஃபிரேம் எட்டாது. பாலத்தில் ஏறும்போது எடை தெரியும். தினமும் சுமை ஏற்றுகிறவருக்கும், கிராமத்துக்குள் ஓட்டுகிறவருக்கும் இதைவிட நல்ல வண்டி இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். பை ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவருக்கு இவ்வளவு இரும்பு தேவையில்லை.

அடுத்தது கியர் இல்லாத 26 இன்ச் சாதா சைக்கிள். கேபிள் பிரேக், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாம் சேர்ந்தே வரும். பெண்களுக்கான தாழ்ந்த பார் வைத்த வகையும் இதே அளவில் உண்டு. பெரும்பாலும் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். பள்ளிக்கூடம், டியூஷன், கடைகண்ணி, அரை மணிக்குள் அடங்குகிற ஆபீஸ் இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற சைக்கிளும் இந்த மாதிரியான எளிய வண்டிதான். அதனால்தான் அதற்குப் பஞ்சர் ஒட்டவும் பால்ஸ் மாற்றவும் தெரியாத கடை தமிழ்நாட்டில் இல்லை.

டயர் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். 26 இன்ச் என்று எழுதிய எல்லா டயரும் ஒன்றல்ல. சாதா சைக்கிளின் 26-க்கு ரிம் அளவு 590 மில்லிமீட்டர், எம்.டி.பி.யின் 26-க்கு 559. ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போனால் போதும். ஹைபிரிட் வண்டிகளில் வருகிற 700சி, எம்.டி.பி.யில் வருகிற 29 இன்ச் இரண்டுக்கும் ரிம் அளவு 622 என்பதால் அவற்றின் டியூப் அவசரத்துக்கு ஒன்றுக்கொன்று உதவும், அகலம் மட்டும் ஒத்துவர வேண்டும்.

இப்போது அந்த ஷாக்கப்ஸர் வண்டி. பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வருகிற வண்டியில் முன்னால் இருக்கும் ஷாக் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். எடையைக் கூட்டும், மிதிக்கிற சக்தியில் கொஞ்சத்தைத் தின்னும், மழைத்தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடித்து இறுகிவிடும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் கேபிளில் இயங்கும் மலிவு டிஸ்க் அடிக்கடி சரிபார்ப்பு கேட்கும். ஸ்டாண்டில் பத்து வண்டிக்கு நடுவே இடித்து நிறுத்தும்போது தட்டு லேசாக வளைந்தாலும் உரச ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்துப் பழுதுக்கடை அண்ணன் இதைப் பற்றிச் சொன்னது: "டிஸ்க்கு வச்ச வண்டி வந்தா நான் கேபிளைத்தான் இழுத்துக் கட்டித் தருவேன் தம்பி. உள்ள பேடு தேஞ்சிருந்தா டவுனுக்குத்தான் போகணும்." முப்பது வருடமாக வீல் பெண்டு எடுக்கிறவர் அவர். அவருக்குத் தெரியாதது அல்ல, பாகம் அவர் கடைக்கு வருவதில்லை. மட்கார்டு இல்லை, கேரியர் மாட்டத் துளை இல்லை, செயின் கவர் இல்லை. இத்தனையையும் தனியாக வாங்கி மாட்டியபின் விலை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கரடுமுரடான மண்பாதையில் விளையாட்டாக ஓட்டுகிறவருக்கு இது சரி. தினசரிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைபிரிட் என்று விற்கிற வண்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது. 700சி சக்கரம், ஷாக் இல்லாத ஃபோர்க், அலாய் ரிம், ஏழு கியர் அல்லது அதற்கு மேல். கியரோடு ஏறக்குறைய 15 முதல் 25 ஆயிரம் வரை. ரிம்மை இருபக்கமும் ரப்பர் கட்டையால் கவ்வுகிற வி-பிரேக் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அதன் பிரேக் கட்டை சின்னக் கடையிலும் கிடைக்கும், மாற்றுவதும் சுலபம். 14 கிலோ அளவுக்குள் இருக்கும் என்பதால் மாடி வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஏறலாம். 700சி டயர் மதுரை டவுனில் கிடைக்கும், பேரையூர்ப் பக்கம் போய்க் கேட்டால் சிரமம். வெளியூர் போகிறவர் ஒரு டியூபையும், முடிந்தால் மடிக்கிற டயர் ஒன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது காற்றடைக்கும் வாயைப் பாருங்கள். நம் ஊர் சாதா சைக்கிளில் வருவது உள்ளே சின்ன ரப்பர்க் குழாய் போட்ட வாய். வால்டியூப் என்று கேட்டால் சில்லறைக் காசுக்குத் தருவார்கள். சித்திரை வெயிலில் அது வெடித்துப் போகும், பல நேரம் பஞ்சர் என்று நினைப்பது வால்டியூப் போனதுதான். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடித்த வாய் இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கலாம். சில ஹைபிரிட்களில் ஒல்லியான பிரெஞ்சு வாய் வரும். அதற்குப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இல்லாவிட்டால் சாதாரணக் கடைப் பம்பு பொருந்தாது.

பேட்டரி சைக்கிளைப் பலர் கேட்கிறார்கள், குறிப்பாக முழங்கால் வலி உள்ளவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும். எதிர்காற்றுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. விலை ஏறக்குறைய 25 ஆயிரத்துக்கு மேல். சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மிதிக்கும்போது உதவுகிற மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் அல்லது மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டார் தானாக நின்றால் அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். அதைவிட வேகமாக ஓடுகிற, பேருக்குப் பெடல் வைத்த வண்டியை லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியை வீட்டுக்கு வந்தவுடன் சார்ஜில் போட வேண்டாம், பேட்டரி ஆறட்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. வேலை செய்கிற இடத்தில் நிழலான ஸ்டாண்டு இல்லாதவர் இதை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

ஒரு வழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்தப்பா வீட்டிலோ கொல்லைப்புறத்திலோ துருவேறி நிற்கும் பழைய சைக்கிள். ஃபிரேம் நன்றாக இருந்தால் இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டைகள், செயின், அப்புறம் பால்ஸ் மாற்றிக் கிரீஸ் வைக்கிற ஓவராயில் வேலை, இவ்வளவும் சேர்ந்து புது வண்டி விலையில் பாதிகூட வராது. பார்க்க வேண்டியது மூன்று இடம்: ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேருகிற இடத்தில் விரிசல், ஃபோர்க் பின்பக்கமாக மடங்கியிருக்கிறதா, பெடல் அச்சைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா. மூன்றாவது இருந்தால் சரி செய்யலாம். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுவேனா என்றே உறுதியில்லாதவருக்கு இதுதான் சரியான முதல் வண்டி. செலவும் குறைவு, பழகியபிறகு எது தேவை என்பதும் தெரிந்துவிடும்.

என் தேர்வு இப்படி: ஒரு பக்கம் 5 கிலோமீட்டருக்குள் என்றால் 26 இன்ச் சாதா சைக்கிள். அதற்கு மேல் தினமும் போகிறவருக்கு, அதிலும் மேற்கிலிருந்து டவுனுக்கு வருகிறவருக்கு வி-பிரேக் ஹைபிரிட். சுமைக்குப் பெரிய சைக்கிள். இரண்டு வண்டிக்கு நடுவே மனம் ஊசலாடினால், உங்கள் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போகிற தூரத்தில் இருக்கும் கடைக்காரரிடம் போய் இரண்டில் எதை அவரால் பார்க்க முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்கிற வண்டியை வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பயணம் பற்றியும் கொஞ்சம். இராமேஸ்வரம் வரை மிதிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே உண்டு, மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்தால் ஹைபிரிட்டில் நிதானமாகப் போகலாம், கியர் இல்லாத வண்டியிலும் போகிறவர்கள் போகிறார்கள். முதுகில் பை மாட்டாதீர்கள், வெயிலில் முதுகு வெந்துவிடும். கேரியரில் இருபக்கமும் தொங்குகிற பைதான் வேண்டும். விலை அதிகம் என்றால் கேன்வாஸ் துணியில் தைக்கச் சொல்லலாம், பைகளின் கீழ்நுனி சக்கரத்தில் மாட்டாமல் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் போதும். கேரியர் இரும்பில் இருக்கட்டும், வழியில் ஒடிந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம். இரண்டு டியூப், பஞ்சர் பெட்டி, பம்பு, ஸ்பேனர், மூன்று பாட்டில் தண்ணீர். விடிவதற்கு முன் கிளம்பி ஒன்பதரை, பத்துக்குள் நிறுத்திவிட்டு மறுபடி நாலு மணிக்கு மேல் மிதியுங்கள். பங்குனி முதல் ஆனி வரை நடுப்பகலில் ஓட்டுவது உடம்புக்கு ஆகாது.

திருமங்கலம் பக்கம் போகிற நான்குவழிச்சாலையில் ஓரமாகப் போனாலும் எதிர்த்திசையில் பைக் வரும், அதற்கு எப்போதும் தயாராக இருங்கள். ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி அங்கே மிகவும் உதவும். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் நெடுஞ்சாலைக்குப் போடாமல் போகாதீர்கள். பின்பக்கம் சிவப்பு லைட் இல்லாமல் இருட்டியபின் ரோட்டுக்கு வரவே வேண்டாம். முன் வெள்ளை, பின் சிவப்பு, பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர்கள் வண்டியோடு வரும், அழகுக்கு இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

புது வண்டி வந்த முதல் மாதத்தில் போக்ஸ் கம்பிகள் தளரும். இரண்டு கம்பியைச் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் தொளதொளவென்று இருந்தால் ஓட்டாமல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் வீல் பெண்டு எடுத்துவிடுங்கள். முதல் சர்வீஸ் இலவசம் என்று விற்றவர் சொல்லியிருந்தால் அந்தத் தேதியைத் தவறவிட வேண்டாம். பெடலும் அன்றைக்கே இறுக்கப்பட வேண்டும். இடது பெடல் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றி இறுகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பக்கம் சுற்றி வேகமாக இறுக்கினால் மரை அழிந்து பெடல் மாட்டுகிற தண்டான கிராங்கையே மாற்ற வேண்டியதாகிவிடும்.